மரத்தைக் கேட்டுத்தான் காரை ஏற்றணும்

மெல்போர்ன்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் புது வீட்டைச் சுற்றிக் காட்டினேன். அடுப்படி, கொல்லையில் காய்த்துக் கிடக்கிற எலுமிச்சை எதையும் கண்டுகொள்ளாமல், "வாசல்ல இவ்வளவு இடம் சும்மா கிடக்கு, காரை எதுக்குடா ரோட்டுல போட்டிருக்க?" என்று கேட்டுவிட்டுப் போனைப் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டீர்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

வீடு 1920களில் கட்டியது. கட்டினவருக்கு டிராம் போதுமாக இருந்திருக்கிறது, காருக்கு வழி விடவில்லை. ரோட்டோரம் அரை அடி உயரக் கான்கிரீட் விளிம்பு, அடுத்து புல், அடுத்து நடைபாதை, அதற்கப்புறம்தான் என் வேலி. விளிம்பை உடைத்துச் சரிவு போட்டால் கார் உள்ளே வந்துவிடும். நம்ம தெருவாக இருந்தால் வாறுகால் மேல் ரெண்டு கல்லைப் போட்டுப் பூசி, சாயங்காலத்துக்குள் ஏற்றியிருப்போம். நீங்கள் தெருவிலும் ஒரு அடி சேர்த்தே பூசினீர்கள்.

இங்கே அந்தப் புல் கவுன்சிலுக்குச் சொந்தம். வெட்டுவது நான். அதன்மேல் காரை நிறுத்தினால் அபராதம் கட்டுவதும் நான். அந்தப் புல்லில், வாசலுக்கு நேர் நடுவே, ஒரு பிளேன் மரம். வசந்த காலத்தில் அதன் பஞ்சு பறந்தால் தெருவே தும்மும்.

சரிவு போடக் கவுன்சிலில் விண்ணப்பம் போட்டதும் அங்கிருந்து ஒருவர் வந்தார். கார் என்ன, வழி எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில், சட்டைக்கு அளவெடுக்கிற மாதிரி மரத்தைச் சுற்றி டேப்பைப் பிடித்தார். விட்டம் 50 சென்டிமீட்டர். ஆஸ்திரேலியத் தரவிதி எண் 4970 படி, அதை 12ஆல் பெருக்கினால் வருகிற தூரம் வரைக்கும் சுற்றிலும் மரத்தின் பாதுகாப்பு வட்டம். பெருக்கினேன். 6 மீட்டர், அதாவது இருபது அடி. இந்தப் பக்கம் இருபது, அந்தப் பக்கம் இருபது. என் மனையின் முகப்பே நாற்பது அடிதான் பெரியப்பா! பத்திரம் என் பேரில், பேங்க் கடன் என் தலையில், முகப்பு மரத்துக்கு.

அவர் போனபின் நானும் டேப்பை எடுத்து அளந்து பார்த்தேன். கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்தால் விட்டம் 2 சென்டிமீட்டர் குறைகிறது. 12ஆல் பெருக்கி, இரண்டு பக்கமும் சேர்த்தால் ஒரு முழம் மிச்சம். விதியில் 1.4 என்றால் 1.4தானாம். இதில் இன்னொரு கூத்து, விண்ணப்பம் ஆபீசில் தூங்கத் தூங்க மரம் பருத்துக்கொண்டே போகிறது, கூடவே வட்டமும்.

வட்டத்தில் 10 சதவீதத்துக்குமேல் கைவைத்தால், வேருக்கு ஆபத்தில்லை என்று மர நிபுணரிடம் அறிக்கை வாங்க வேண்டும். ஃபீஸ் என் கையிலிருந்து. மண்வெட்டி கூடாதாம், வந்த நிபுணர் குழாயால் காற்றைப் பீய்ச்சி மண்ணை ஊதி ஊதி விலக்கினார். வெளியே தெரிந்த ஒவ்வொரு வேருக்கும் பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு போட்டோ. இந்த ஊருக்கு வந்தபிறகு எனக்கு இப்படி ஒரு மாஸ்டர் செக்கப் நடந்ததில்லை.

"கவுன்சிலரைப் போய்ப் பாரு" என்பீர்கள். பார்த்தால் நடக்கும் என்றால் பார்த்திருக்க மாட்டேனா? எல்லாம் போர்ட்டல். கோபப்படுவதற்குக்கூட எதிரே ஒரு முகம் கிடையாது.

அந்த வேர் போட்டோக்களைப் பார்த்த ராத்திரி, ஊரில் ஷெட் போட நம்ம வாசல் வேம்பை வெட்டினோமே, அது ஞாபகம் வந்தது. அன்றைக்குப் பூராவும் பெரியம்மா வாசல் பக்கமே வரவில்லை. இப்படி ஒரு ஆள் டேப்போடு நம்ம வாசலில் வந்து நின்றிருந்தால் நீங்கள் விரட்டியிருப்பீர்கள். பெரியம்மா காப்பி கொடுத்திருப்பார்கள்.

கடைசியில் வேலி ஓரமாக 3 மீட்டர் அகலத்துக்கு அனுமதி வந்துவிட்டது. அதற்குமேல் நான் கொத்தனார் பிடிக்க முடியாது. 2 கோடி டாலருக்குப் பொறுப்புக் காப்பீடு வைத்திருக்கிற கான்ட்ராக்டர் வேண்டும். தோண்டுவதற்கு முன் கேஸ், தண்ணீர், கேபிள் போகிற வரைபடம் வாங்க வேண்டும். இத்தனையிலும் அது ஒன்றுதான் இலவசம். பலகை அடித்துக் கம்பி கட்டியதும் கவுன்சில் ஆள் வந்து பார்த்த பிறகே கான்கிரீட். அவரும் ரெடிமிக்ஸ் லாரியும் ஒரே நாளில் வர உங்கள் ஜோசியரிடம் நாள் பார்த்துச் சொல்லுங்கள்.

வேலை முடிந்தாலும், விரிசல் விட்டால் சரிபண்ண வேண்டியது நான், நிலம் அவர்களுக்கு. அந்தச் சரிவுக்குக் குறுக்கே ரோட்டில் காரை நிறுத்தவும் கூடாது, சொந்தக் காராக இருந்தாலும் அபராதம். ஆக, ரோட்டில் இருந்த இடமும் போச்சு. உள்ளே ஒரு கார்தான் நிற்கும். உங்கள் மருமகள் வேலைக்குப் போக இன்னொரு கார் எடுப்பதாக இருக்கிறோம். அது எங்கே நிற்கும் என்று மட்டும் அடுத்த ஞாயிறு கேட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்