கிழமை இல்லாத நாள்

ஜார்ஜ்டவுனில் எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு காலண்டர் தொங்குகின்றன. ஒன்று குதிரைக் காலண்டர், சீனர் மளிகைக் கடையில் சும்மா கொடுத்தது. ஒரே கட்டத்துக்குள் ஆங்கிலத் தேதி, சீனத் தேதி, இஸ்லாமியத் தேதி, பந்தய நாளென்றால் கூடவே ஒரு குதிரை. மற்றது சின்னம்மா லிட்டில் இந்தியாவில் வாங்கிய தமிழ்த் தினசரிக் காலண்டர். இத்தனை இருந்தும் மாதத்துக்கு முப்பதா முப்பத்தொன்றா என்று நான் இன்றும் விரல் முட்டியை எண்ணித்தான் பார்க்கிறேன்.

இந்தத் தொல்லைக்கு 1902-இலேயே மருந்து கண்டவர் மோசஸ் காட்ஸ்வொர்த் என்ற ஆங்கிலேயர். ஆண்டுக்கு 13 மாதம், மாதத்துக்கு 28 நாள், எல்லா மாதமும் ஞாயிறில் பிறக்கும். ஜூனுக்கும் ஜூலைக்கும் நடுவே 'சோல்' என்று ஒரு புது மாதம். கோடாக் கம்பெனி 1928 முதல் 1989 வரை இதை வைத்துத்தான் உள்கணக்குப் பார்த்தது.

மனைவியிடம் சொன்னேன்.

"அப்போ வாடகை பதிமூணு தடவையா?"

"சம்பளமும் பதிமூணு தடவைதானே!"

"சம்பளத்தைப் பதிமூணா பிரிச்சுக் கொடுப்பாங்க. வீட்டுக்காரர் வாடகையைப் பிரிப்பாரா?"

பேச்சை விடுமுறைக்கு மாற்றினேன். மே தினம் என்றைக்கும் ஞாயிறு, மறுநாள் திங்கள் லீவு. லாபம். ஜூலை 7, நம் ஜார்ஜ்டவுன் பாரம்பரிய நாள், என்றைக்கும் சனி. நஷ்டம். ஆகஸ்ட் 31-ஐத் தேடினேன். மாதம் 28-இலேயே முடிந்துவிட்டது. மலேசியச் சுதந்திர நாளான மெர்டேக்காவையே காணோம்! நாளை எண்ணிப் பார்த்தால் ஆகஸ்ட் 19-இல் போய் உட்கார்ந்திருக்கிறது.

"ஆனி 32 நாள் வரைக்கும் போகும், மார்கழி 29-லயே முடிஞ்சிடும். சூரியன் நடைக்குத்தாண்டா மாசம்" என்றார் சின்னம்மா. வானியலும் அவர் கட்சிதான்: ஜனவரியில் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் வேகமாக ஓடுகிறது, ஜூலையில் தள்ளி நின்று மெதுவாக நடக்கிறது.

13-ஐ 28-ஆல் பெருக்கினால் 364. மிச்சமாகும் ஒரு நாளை டிசம்பர் கடைசியில் கிழமையே இல்லாமல் விட்டுவிட்டார் காட்ஸ்வொர்த். வாரக் கணக்கு அறுந்துபோகும் என்று மதத்தார் எதிர்த்தார்கள். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் அப்புறம் எதை வெள்ளிக்கிழமை என்பது? சின்னம்மாவுக்கோ முகம் மலர்ந்துவிட்டது.

"கிழமை இல்லேன்னா ராகு காலமும் இல்லையே! காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் நல்ல நேரம்!"

மறுகணமே சுருங்கியது. "அது மார்கழியாச்சே. கல்யாணம் வைக்க முடியாது."

ஆனால் லீப் ஆண்டில் கிழமை இல்லாத இன்னொரு நாளும் உண்டு. ஜூன் 29 என்பார் காட்ஸ்வொர்த். நம் காலண்டரில் அது ஜூன் 17, ஆனி பிறந்து இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருக்கும். அடுத்த லீப் ஆண்டு 2028. வீட்டில் கல்யாண வயதில் பிள்ளை இருப்பவர்கள் இப்போதே மண்டபத்துக்குச் சொல்லி வையுங்கள்.