லாபமே, உன் திறமை பெரிது

லாபமே, உன்னைப் புகழ வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். உன்னைத் திட்டுகிறவர்கள் உன்னைச் சோம்பேறி என்றும் ஊதாரி என்றும் பேசுகிறார்கள். நீ இரண்டும் அல்ல. ஒப்படைத்த வேலையை உன் அளவுக்கு முழுமையாகச் செய்பவர் யாரையும் நான் கண்டதில்லை. இரக்கம் அயர்ந்துவிடும், சட்டம் அடுத்த கூட்டத்தொடருக்காகக் காத்துக் கிடக்கும், நீ கண் மூடுவதே இல்லை. அமெரிக்காவில் இன்சுலினை வைத்து நீ செய்து காட்டியதைப் பார்த்தவர்கள் உன் ஆற்றலைக் குறைத்து மதிக்கவே முடியாது.

அது உன் கைக்கு வந்த கதை இது. 1921இல் டொரன்டோ பல்கலைக்கழகத்தில், மக்லவுட் என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில், பிரெடரிக் பான்டிங்கும் சார்லஸ் பெஸ்டும் நாய்க் கணையத்திலிருந்து ஒரு சாற்றை எடுத்தார்கள். ஜேம்ஸ் கோலிப் என்ற வேதியியலாளர் மாட்டுக் கணையச் சாற்றைச் சுத்தம் செய்து, மனித உடலில் ஏற்றக்கூடியதாக ஆக்கினார். அதற்கு முன் முதல் வகை நீரிழிவு வந்த குழந்தைக்கு டாக்டர்களிடம் இருந்த வழி பட்டினி போடுவதுதான். சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்துச் சாவைக் கொஞ்ச காலம் தள்ளிப்போடுவார்கள். 1922 ஜனவரியில் டொரன்டோ பொது மருத்துவமனையில் லெனர்ட் தாம்சன் என்ற பையனுக்கு அந்த மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். எலும்பும் தோலுமாகக் கிடந்தவன் எழுந்து உட்கார்ந்தான். மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்து, 26 வயதில் நிமோனியாவில் இறந்தான்.

காப்புரிமையைப் பான்டிங், பெஸ்ட், கோலிப் மூவரும் 1923இல் ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். அதியமான் ஒளவையிடம் நெல்லிக்கனியை நீட்டியதற்கு இணையான கொடை அது. அந்தக் கனியை எத்தனை பேருக்கு எத்தனை தடவை விற்கலாம் என்ற கணக்கு அதியமானுக்கும் தோன்றவில்லை, இந்த மூவருக்கும் தோன்றவில்லை. உனக்குத் தோன்றியது.

தொடக்கத்தில் நீ செய்தது பெரிய தொண்டு. அதை மறைத்துப் பேசினால் நான் நேர்மையற்றவன். டொரன்டோ ஆய்வுக்கூடத்தால் ஊருக்கெல்லாம் மருந்து செய்ய முடியவில்லை. ஒரு தடவை நன்றாக வரும் சாறு அடுத்த தடவை வீணாகப் போனது. இண்டியானாபொலிஸ் நகரத்து எலை லில்லி கம்பெனி 1922இல் உள்ளே வந்தது. இறைச்சிக் கூடங்களிலிருந்து கணையங்களை மலையாகக் குவித்து, சுத்திகரிக்கும் முறையையும் மேம்படுத்தி, மருந்தைக் கண்டம் முழுக்க அனுப்பியது. பல்லாயிரம் குழந்தைகள் பிழைத்தார்கள். ஆனால் அன்று கடிவாளம் பல்கலைக்கழகத்தின் கையில் இருந்தது. காப்புரிமையை வைத்திருந்தவர்கள் தரத்தைச் சோதித்தார்கள், மற்றக் கம்பெனிகளுக்கும் உரிமம் தந்தார்கள். கடிவாளம் இருந்தபோது நீ எவ்வளவு நன்றாக ஓடினாய் என்பதற்கு அந்த ஆண்டுகள் சாட்சி.

உன் முழுத் திறமை வெளிப்பட்டது பிற்பாடுதான். 1996இல் லில்லி கம்பெனி ஹியூமலாக் என்ற வேகமாக வேலை செய்யும் இன்சுலினைக் கொண்டுவந்தது. குப்பி 21 டாலர். 2017இல் அதே குப்பியின் பட்டியல் விலை ஏறக்குறைய 275 டாலர். உள்ளே இருந்த மருந்து மாறவில்லை. அமெரிக்காவின் பொது விலைவாசியோடு சேர்ந்து ஏறியிருந்தால் அது 33 டாலர் அளவில் நின்றிருக்கும். மீதி அத்தனையும் உன் உழைப்பு. நவீன இன்சுலினைச் செய்ய ஓர் ஆளுக்கு ஆண்டு முழுவதற்கும் 133 டாலருக்கு மேல் ஆகாது என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்காவில் அன்றைய பட்டியல் விலையில் அந்தத் தொகைக்கு ஒரு ஹியூமலாக் குப்பிகூடக் கிடைக்கவில்லை. மாதம் இரண்டு மூன்று குப்பி தேவைப்படுகிறவர்கள் நிறையப் பேர்.

போட்டி இருந்தால் விலை இறங்கும் என்று பொருளாதாரப் பாடத்தில் படித்திருக்கிறோம். இன்சுலின் சந்தையில் லில்லி, நோவோ நோர்டிஸ்க், சனோஃபி என்று மூன்று கம்பெனிகள் இருந்தன. மூன்றும் போட்டியாளர்கள். ஒன்று விலையை ஏற்றியதும் மற்றது நிழல்போலப் பின்னால் ஏற்றியது. அமெரிக்க செனட்டின் நிதிக்குழு இவர்களின் உள்கடிதங்களை வாங்கிப் படித்து 2021இல் வெளியிட்ட அறிக்கையில் இதெல்லாம் பதிவாகியிருக்கிறது. இவ்வளவு ஒற்றுமையான போட்டியை வேறெங்கே பார்க்க முடியும்?

இடைத்தரகர்களை நீ சேர்த்துக்கொண்ட விதத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உன் கலையின் உச்சம் அங்கேதான் இருக்கிறது. காப்பீட்டு நிறுவனங்களுக்காக எந்த மருந்தைப் பட்டியலில் சேர்ப்பது என்று முடிவு செய்யும் நிறுவனங்கள் அமெரிக்காவில் உண்டு. சி.வி.எஸ். கேர்மார்க், எக்ஸ்பிரஸ் ஸ்கிரிப்ட்ஸ், ஆப்டம் ஆர்.எக்ஸ். மூன்றும் சேர்ந்து சந்தையின் பெரும்பகுதியை வைத்திருக்கின்றன. பட்டியலில் இடம் வேண்டுமானால் மருந்துக் கம்பெனி இவர்களுக்குத் தள்ளுபடி தர வேண்டும். தள்ளுபடி பட்டியல் விலையில் இத்தனை சதவீதம் என்று கணக்காகும். விலை உயர உயரத் தள்ளுபடியும் பெருகும். ஆகவே விலை குறைந்த மருந்தைவிட விலை கூடிய மருந்துக்குப் பட்டியலில் வரவேற்பு அதிகம். லில்லி 2019இல் தன் சொந்த மருந்தையே வேறு பெயரில், பாதி விலையில், 137 டாலருக்கு விற்கத் தொடங்கியது. பழைய முழுவிலைக் குப்பியும் பக்கத்திலேயே தொடர்ந்து விற்றது. காப்பீடு உள்ளவர் தள்ளுபடியின் ஏதோ ஒரு துளியைச் சுவைத்தார். காப்பீடு இல்லாதவர், மருந்துக்கடையில் தனியாக நின்றவர், பட்டியல் விலை முழுவதையும் எண்ணிக் கொடுத்தார். மிகவும் இல்லாதவனிடம் மிகவும் அதிகமாக வாங்கும் ஓர் ஏற்பாட்டை, யாரும் தனியாகக் குற்றவாளி ஆகாத வகையில், நீ கட்டி முடித்தாய். 2024 செப்டம்பரில் அமெரிக்கக் கூட்டரசின் வர்த்தக ஆணையம் அந்த மூன்று தரகு நிறுவனங்கள்மீதும் இதற்காக வழக்குத் தொடுத்தது. உன் கட்டுமானத்தை அரசு புரிந்துகொள்ளவே அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

காப்புரிமையிலும் உன் பொறுமை வியப்புக்குரியது. சனோஃபியின் லான்டஸ் இன்சுலினுக்கு அமெரிக்காவில் 74 காப்புரிமை விண்ணப்பங்கள். அவற்றில் பெரும்பாலானவை மருந்து சந்தைக்கு வர அனுமதி பெற்ற பிறகு போடப்பட்டவை. ஒரு டாலருக்கு விட்டுக்கொடுத்த மூவரின் பெயரைச் சொல்லிவிட்டு இந்த எண்ணைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. உனக்குக் கூச்சம் கிடையாது. அதுவும் ஒரு பலம்தான்.

2017இல் மினசோட்டாவில் ஓர் இளைஞர் இறந்தார். பெற்றோரின் காப்பீட்டில் இருக்க அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் வயது முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வேலை இருந்தது, சம்பளம் இருந்தது. மாதம் 1,300 டாலர் மருந்துக்குக் கொடுக்கிற அளவு சம்பளம் இல்லை. சம்பள நாள்வரை தாக்குப்பிடிக்க இன்சுலினை மிச்சம் பிடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். இன்சுலின் இல்லாவிட்டால் சில நாட்களில் ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும். அவருக்கும் வயது 26. 1922இல் முதல் ஊசி போட்டுக்கொண்ட தாம்சன் வாழ்ந்த அதே வயது. தாம்சன் இறந்தபோது மருந்துக்குப் பஞ்சம் இல்லை. இந்தப் பிள்ளை இறந்தபோதும் மருந்துக்குப் பஞ்சம் இல்லை, கடையில் குப்பிகள் குளிரூட்டியில் இருந்தன. அவர் ஒருவர் மட்டும் அல்ல. 2021இல் மட்டும் 13 லட்சம் அமெரிக்கர்கள் பணத்துக்காக இன்சுலினைக் குறைத்தோ தள்ளியோ போட்டுக்கொண்டார்கள் என்று ஒரு மருத்துவ ஆய்வு கண்டது. அவசரத்துக்கு ஒரு மாத மருந்தாவது கிடைக்க வேண்டும் என்று மினசோட்டா 2020இல் அந்த இளைஞரின் பெயரிலேயே ஒரு சட்டம் இயற்றியது. அது நடைமுறைக்கு வரும் தறுவாயில் மருந்துக் கம்பெனிகளின் சங்கம் நீதிமன்றம் போனது. ஈடு கொடுக்காமல் தனிச்சொத்தைப் பறிக்கிறார்கள் என்பது வாதம். உன் உரிமையை நீ ஒரு நாளும் மறப்பதில்லை, லாபமே. மற்றவர்களின் உயிர் உரிமையை எங்கள் அரசுகள் இவ்வளவு விழிப்பாகக் காத்திருந்தால் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள்.

2023 மார்ச்சில் லில்லி விலையை 70 சதவீதம் குறைப்பதாக அறிவித்தது. மற்ற இரண்டும் அதே மாதத்தில் தொடர்ந்தன. பத்திரிகைகள் பாராட்டின. நான் உன் கணக்கைப் பாராட்டுகிறேன். ஏழைகளுக்கான அரசு மருத்துவத் திட்டமான மெடிக்கெய்டுக்கு மருந்துக் கம்பெனி தர வேண்டிய தள்ளுபடி, விலைவாசியை மிஞ்சி விலையை ஏற்ற ஏற்ற வளரும். அந்தத் தள்ளுபடி மருந்தின் விலையைத் தாண்டக் கூடாது என்று ஓர் உச்சவரம்பு இருந்தது. 2024 ஜனவரி முதல் அந்த வரம்பை எடுத்துவிடுவது என்று 2021இலேயே சட்டம் ஆகிவிட்டது. பழைய விலையிலேயே விற்றிருந்தால் மெடிக்கெய்டு வாங்கும் குப்பிக்கு அதன் விலைக்கு மேலேயே அரசுக்குத் திருப்பிக் கட்ட நேர்ந்திருக்கும். இத்தனை சாவுகள் இறக்காத விலையை ஒரு சட்டப்பிரிவு இறக்கியது. உன்னிடம் எந்த மொழியில் பேசினால் கேட்பாய் என்று அன்று எல்லோருக்கும் தெரிந்தது.

விலைக் குறைப்பை அறிவித்த சில மாதங்களில் நோவோ நோர்டிஸ்க் தன் லெவெமிர் இன்சுலினை அமெரிக்காவில் நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2024 இறுதியில் அது இல்லாமல் போனது. பல ஆண்டுகள் அதற்குப் பழகியிருந்தவர்கள், கர்ப்பிணிகள் உட்பட, வேறு மருந்தைத் தேடினார்கள். அதே கம்பெனியின் எடை குறைக்கும் ஊசிகள் பன்மடங்கு விலைபோகிற காலத்தில் தொழிற்சாலையை எதற்கு ஒதுக்குவது என்று கேட்டால் உன் பதில் தெளிவாகவே இருக்கும். நீ சொன்ன சொல் தவறவில்லை. ஆதாயம் உள்ள இடத்தில் இருப்பேன் என்றுதான் எப்போதும் சொல்லியிருக்கிறாய்.

ஆகவே உன்னைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை. செருப்புக் கடையில் நீ ஆட்சி செய். கைப்பேசியில், காரில், சினிமாவில் ஆட்சி செய். அங்கே வாங்க வருகிறவர் விலையைக் கேட்டுவிட்டு நடந்து போய்விடலாம். அவர் நடந்து போவதுதான் உன்னை ஒழுங்காக வைத்திருக்கிறது. இன்சுலின் வாங்க வருகிறவரால் நடந்து போக முடியாது. அவர் முன்னால் உன் திறமை முழுவதும் ஆயுதமாகிவிடுகிறது. நீ இல்லாவிட்டால் புது மருந்தை யார் கண்டுபிடிப்பார் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பாக்டீரியாவைக் கொண்டு மனித இன்சுலினை 1978இல் செய்ததில் ஜெனென்டெக் என்ற கம்பெனியின் முதலீட்டுக்குப் பங்கு உண்டு. புதியதைத் தேடும் பந்தயத்தில் நீ ஓடு. ஆனால் 1996இலேயே சந்தைக்கு வந்துவிட்ட குப்பியில் தேடுவதற்கு இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது? அதைச் செய்ய வேண்டும், சோதிக்க வேண்டும், கொண்டு சேர்க்க வேண்டும். இதற்கு இரவும் பகலும் விழித்திருக்கும் பசி தேவையில்லை.

அமெரிக்க மருத்துவமனைகள் சேர்ந்து 2018இல் சிவிகா என்ற லாப நோக்கமற்ற நிறுவனத்தைத் தொடங்கின. குப்பி 30 டாலருக்கு மேல் போகாமல் இன்சுலின் தருவதாக 2022இல் அது அறிவித்தது. செய்வதற்கும் கொண்டு சேர்ப்பதற்கும் ஆகும் செலவிலிருந்து வந்த விலை அது. கலிபோர்னியா அரசு அந்தத் திட்டத்தில் 5 கோடி டாலர் போட்டிருக்கிறது. ஐந்து இன்சுலின் பேனா கொண்ட பெட்டியை 55 டாலருக்குத் தருவதாக 2025இல் அறிவித்தது. அந்தப் பேனாக்களைச் செய்து தருவது பெங்களூரு பயோகானின் துணை நிறுவனம். அதற்கு அதன் கூலி உண்டு, நியாயமான ஆதாயமும் உண்டு. அதாவது நீ அங்கேயும் இருக்கிறாய், லாபமே, 1922இல் இருந்தது போலவே. விலையை எழுதும் பேனா மட்டும் உன் கையில் இல்லை.