கிரேக்கம் தெரியாமலே கிரேக்கம் போதிப்பது எப்படி?

பிரசங்கம் நாற்பது நிமிஷத்தைத் தாண்டியதும் சபை கண்ணயரத் தொடங்கும். அப்போது கைகொடுப்பது, “மூல பாஷையிலே பார்த்தீங்கன்னா...” என்ற ஒரே வாக்கியம்தான். அதைச் சொல்லும் தகுதியைச் சனிக்கிழமை ராத்திரி ஒன்றிலேயே சம்பாதித்துவிடலாம்.

1. இலக்கணத்தைத் தொடாதீர்கள். வேற்றுமை, காலம் என்று இறங்கினால் வருஷக்கணக்கில் உட்கார வேண்டிவரும். ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890இல் வெளியிட்ட ஒத்தவாக்கிய அகராதி போதும். சொல்லுக்கு ஓர் எண் கொடுத்திருக்கிறார். எழுத்தே தெரியாவிட்டாலும் எண்ணைப் பிடித்துப் போய்விடலாம். அங்கே பல பொருள் இருக்கும். உங்கள் பிரசங்கத்துக்கு வாகானது எதுவோ, அதுவே “உண்மையான பொருள்”.

2. சொல்லின் வயதைக் கேட்காதீர்கள். ரோமர் 1:16இல் ‘பெலன்’ என்பதற்குக் கிரேக்கத்தில் ‘டுனாமிஸ்’. “டைனமைட் இதிலிருந்து வந்ததுதான், சுவிசேஷம் வெடிக்கும்!” என்று முழங்குங்கள். நோபல் டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1867இல்; பவுல் எழுதியது முதல் நூற்றாண்டில். இந்தக் கணக்கைப் போடுகிறவர் எப்படியும் ஆமென் சொல்லப்போவதில்லை.

3. யோவான் 21ஐ மனப்பாடம் செய்யுங்கள். திபேரியா கடற்கரையில் இயேசு பேதுருவிடம், தம்மேல் அன்பு உண்டா என்று மூன்று தரம் கேட்கிறார். அன்புக்கு முதல் இரண்டு கேள்வியில் வரும் கிரேக்கச் சொல் ‘அகபாவோ’. பேதுருவின் மூன்று பதிலிலும் ‘பிலேயோ’. மூன்றாம் கேள்வியில் இயேசுவும் ‘பிலேயோ’வுக்கு வந்துவிடுகிறார். “முன்னது தெய்வீக அன்பு, பின்னது வெறும் சிநேகம், ஆண்டவர் பேதுருவின் மட்டத்துக்கு இறங்கி வந்தார்” என்று சொன்னால் கண்ணீரே வரும்.

4. அன்றைக்குச் சில பக்கங்களைத் திறக்கவிடாதீர்கள். பிதா குமாரனிடத்தில் அன்பாயிருக்கிறார் என்று சொல்ல யோவான் 3:35இல் அகபாவோ. அதே செய்திக்கு 5:20இல் பிலேயோ. பரிசேயர் ஜெபஆலயத்தில் முதல் ஆசனத்துக்கு ஆசைப்பட்டதும் (லூக்கா 11:43), தேமா உலகத்தின்மேல் ஆசைவைத்துப் பவுலை விட்டுப்போனதும் (2 தீமோத்தேயு 4:10) அகபாவோதான். போதாக்குறைக்கு, அந்தக் கடற்கரைப் பேச்சில் ஆட்டுக்கும், மேய்ப்பதற்கும், அறிவதற்கும்கூட யோவான் இரண்டிரண்டு சொற்களை மாற்றி மாற்றிப் போடுகிறார். அவற்றுக்கெல்லாம் தனித்தனி இரகசியம் கண்டுபிடிப்பதற்குள் மதியச் சாப்பாடு ஆறிவிடும்.

5. தமிழ் வேதாகமத்தைச் சந்தேகத்தோடேயே பிடியுங்கள். சீகன்பால்கு கிரேக்கத்திலிருந்து மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இலேயே தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்துவிட்டது என்பது வெளியே வர வேண்டாம். நீங்கள் தோண்டி எடுத்த அந்த வேறுபாடும், ‘அன்பாயிருத்தல்’, ‘நேசித்தல்’ என்று சபையார் மடியில் கிடக்கும் பழைய மொழிபெயர்ப்பிலேயே இருக்கிறது. நல்லவேளை, யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

6. ஜேம்ஸ் பார் 1961இல் எழுதிய ‘வேதாகம மொழியின் சொற்பொருளியல்’ என்ற புத்தகத்தை வீட்டில் வைக்காதீர்கள். பொருள் சொல்லின் வேரில் இல்லை, அது நிற்கும் வாக்கியத்தில் இருக்கிறது என்று அடித்துச் சொல்லிப் பலர் பிழைப்பைக் கெடுத்தவர் அவர்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு பாட்டி எழுந்து, “பேதுரு ஏன் துக்கப்பட்டான் ஐயா?” என்று கேட்டால் அகராதியைப் புரட்டாதீர்கள். இயேசுவை மூன்று தரம் மறுதலித்தவனிடம் அவர் மூன்றாம் தரமும் கேட்டதால் துக்கப்பட்டான். காரணத்தை யோவான் 21இன் 17ஆம் வசனமே சொல்கிறது. அதுவும் நல்ல தமிழில்.