ஆளுக்கொரு தோழி

‘செக்ஸ் அண்ட் த சிட்டி’ தொலைக்காட்சித் தொடர் 1998 முதல் 2004 வரை ஆறு சீசன் ஓடியது. களம் நியூயார்க். அந்த ஊரில் இல்லாத இனமில்லை. ஆனாலும் நான்கு வெள்ளைக்காரத் தோழிகளின் காபி மேசைக்கு மற்றவர்கள் வந்துபோனார்களே தவிர, நாற்காலி போட்டு உட்காரவில்லை.

2021இல் ‘அண்ட் ஜஸ்ட் லைக் தட்’ என்று திரும்பி வந்தபோது தோழிகளுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. ஞானமும் பிறந்திருந்தது. நால்வரில் சமந்தாவை லண்டனுக்கு அனுப்பிவிட்டு, மற்ற மூவருக்கும் ரேஷன் கடைக் கணக்கில் ஆளுக்கொரு புதுத் தோழி வழங்கினார்கள்: கேரிக்கு இந்திய வம்சாவளி சீமா, ஷார்லட்டுக்கும் மிராண்டாவுக்கும் கறுப்பினத்தவரான லிசா, நியா. ஆண், பெண் என்ற கட்டங்களில் அடங்காத சே டியாஸ், பண்டிகைக் கால கூடுதல் ஒதுக்கீடு.

சீமா வீட்டுத் தீபாவளிக்குக் கேரி புடவை வாங்கப் போகிறாள். உடுத்தி வந்து நிற்பதோ லெஹங்கா! துணி மடிக்கும் பையனைக் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பான். நல்லவேளை, நடிகை சரிதா சௌத்ரி தன் சிகரெட்டாலும் நக்கலாலும் சீமாவை மனுஷியாக்கிவிட்டார்.

மூன்றாம் சீசனில் சேயும் இல்லை, நியாவும் இல்லை. கேரி உயிராக நேசிக்கும் செருப்புகள் பத்திரமாக இருந்தன.