எந்த உலோகம் கரைய வேண்டும்?

கே: அலுமினியப் பாய்மரத்தில் எவர்சில்வர் ஸ்க்ரூ போட்டேன். ஸ்க்ரூ பளபளக்கிறது, அதைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கிறதே?

ப: அந்தப் பொடி உங்கள் பாய்மரம்தான். இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு, நடுவே உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் அது ஒரு பேட்டரி. அந்த மின்சாரத்துக்குத் தன்னையே விலையாகக் கொடுப்பது அலுமினியம்.

கே: அப்படியென்றால் எவர்சில்வரை எடுத்துவிட்டு, எல்லா இடத்திலும் அலுமினிய ரிவெட் அடித்துவிடவா?

ப: பெரிய எவர்சில்வர் தகட்டைப் பிடிக்க மட்டும் அடித்துவிடாதீர்கள். தகட்டின் பசி முழுக்க அந்தச் சின்ன ரிவெட்டின் மேல் பாயும். கரையும் உலோகம் சிறிதாகவும் கரைக்கும் உலோகம் பெரிதாகவும் இருப்பதுதான் மிக மோசமான ஜோடி.

கே: பிறகு என்னதான் வழி?

ப: தொடவிடாதீர்கள். தகட்டுக்கும் பாய்மரத்துக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாள். ஸ்க்ரூ தலைக்கு அடியில் நைலான் வாஷர். மரைகளில் பேரியம் குரோமேட் கலந்த பசை. அது நஞ்சு, கையுறை போட்டுத் தடவுங்கள். கடலுக்குப் போய்வந்தால் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

கே: ஒரு தாள் இவ்வளவு காப்பாற்றுமா?

ப: காகிதமே காப்பாற்றியிருக்கிறது. 1761-இல் 'அலாரம்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் அடிப்பாகத்துக்குச் செம்புத் தகடு போர்த்தினார்கள். 1763-இல் பார்த்தால் செம்பைத் தொட்ட இரும்பு ஆணிகள் அரித்துப்போயிருந்தன. தகடு சுற்றிவந்த பழுப்புக் காகிதம் இடையில் தங்கிய இடங்களில் ஆணிகள் நன்றாக இருந்தன!

கே: தண்ணீருக்குள் வெண்கலப் புரொப்பெல்லர், எவர்சில்வர் தண்டு. அங்கே காகிதம் வைக்க முடியாதே?

ப: அங்கே பலி கொடுங்கள். தண்டில் ஒரு துத்தநாகக் கட்டியைப் பூட்டினால், மற்ற இரண்டுக்கும் பதில் அது கரையும். பெயின்ட் அடிக்காதீர்கள், அடித்தால் அது வேலை செய்யாது. பாதி கரைந்ததும் மாற்றுங்கள். ஒரு வருடம் கழித்தும் புதிதாகவே இருந்தால் மகிழாதீர்கள். தண்டோடு அதற்குத் தொடர்பு விட்டுப்போயிருக்கலாம். நல்ல தண்ணீர் ஏரியில் ஓட்டுபவர்களுக்கு மக்னீசியம்தான் சரி.

கே: துத்தநாகத்தைத் தாராளமாக வைத்தால் இன்னும் நல்லதுதானே?

ப: அளவோடு வையுங்கள். 1824-இல் விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவி, செம்பு போர்த்திய கப்பல்களுக்கு இப்படித்தான் காவல் வைத்தார். செம்பு கரைவது நின்றது. ஆனால் கரையும் செம்புதான் கடலுயிர்களை அண்டவிடாமல் வைத்திருந்தது. அது நின்றதும் அவை அடியில் அப்பிக்கொண்டு கப்பலின் வேகத்தைக் குறைத்தன. மரப்படகில் காவல் மிகுந்தால், உலோகத்தை ஒட்டியிருக்கும் மரமே காரத்தில் நைந்துபோகும்.

கே: இந்த ஞாயிற்றுக்கிழமை நான் செய்ய வேண்டியது?

ப: பாய்மரத்தில் ஒரே ஒரு ஸ்க்ரூவைக் கழற்றிப் பாருங்கள். எளிதாக வந்தால் பசை தடவித் திரும்ப மாட்டுங்கள். வர மறுத்தால், உள்ளே பொடி இறுகிவிட்டது, மற்றவற்றையும் பாருங்கள். பாய்மரத்தை நிறுத்தும் கம்பிகள் அந்தத் துளைகளை நம்பி இருக்கின்றன. படகில் ஏறும் உங்கள் பிள்ளைகள் அந்தக் கம்பிகளை நம்பி இருக்கிறார்கள்.