‘இன்னும் ஒரே ஒரு ஆள்’: ஷேர் ஆட்டோவின் கொள்ளளவு குறித்து ஓர் ஆய்வு

காவிரிக் கரைச் சிற்றூர்களின் போக்குவரத்தை டவுன் பஸ், மினி பஸ், ஷேர் ஆட்டோ என மூவகையாகப் பகுக்கலாம். நடையை நான்காவதாகச் சேர்ப்பாரும் உளர். அவர்கள் கடைசி பஸ்ஸை விட்டவர்கள்.

டவுன் பஸ்: வரும்.

மினி பஸ், பஸ் எட்டாத ஊர்களுக்காக 1997இல் வந்தது. அதே ஆண்டில்தான் போக்குவரத்துக் கழகங்கள் சேரன், சோழன், பாண்டியன் பெயர்களைக் கைவிட்டன. ஆகவே மூவேந்தர் ஆட்சியின் முடிவு 1997 என்பதே எம் துணிபு. வரலாற்றுத் துறையினர் இதுவரை மறுக்கவில்லை. 2025 ஜூனில் தஞ்சாவூரில் தொடங்கிய புதிய மினி பஸ் திட்டம், வழித்தடம் 25 கிலோமீட்டருக்குள் இருக்கவேண்டும், அதில் 65 விழுக்காடாவது பஸ் போகாத பாதையாக இருக்கவேண்டும் என்கிறது. “வீட்டைப் பூட்டிட்டு வந்துர்றேன் தம்பி” என்று வாசலிலிருந்து குரல் கொடுக்கும் அத்தைக்காக வண்டி எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதற்கு மட்டும் விதி கிடையாது. வண்டி நிற்கிறது.

இனி ஷேர் ஆட்டோ. சாதாரண ஆட்டோவின் பர்மிட்டுப்படி பயணிகள் மூவர். ஆனால் “இன்னும் ஒரே ஒரு ஆள்ணே, கிளம்ப வேண்டியதுதான்” என்னும் வாக்கியம் முதலாமவர் ஏறியதும் சொல்லப்படுகிறது. ஆறாமவர் ஏறிய பின்னும் எழுத்துப் பிசகாமல் சொல்லப்படுகிறது (டீக்கடை வாய்மொழி, கிழக்கு பெஞ்சு). “ஒரு லேடீஸ் மட்டும்” என்றொரு பாடபேதமும் உண்டு (பூக்காரம்மா உரை, அதற்கு முறுக்குக்காரர் எழுதாத விளக்கம், இரண்டாம் பதிப்பு, எண்ணெய்க் கறையுடன்).

பின்சீட்டில் நால்வர் இருக்க, “கொஞ்சம் தள்ளி உக்காருங்க” என்கிறார் ஓட்டுநர். தள்ள இடமில்லை, எனினும் எல்லோரும் தள்ளுகிறார்கள். தள்ளியபின் இடம் இருக்கிறது. (காண்க: மடியில் பள்ளிக்கூடப் பையன் இருந்தவரின் இடைக்குறிப்பு, வேகத்தடைக்கு முன், அதையே திருத்தி அவர் முனகியது, வேகத்தடைக்குப் பின், இரண்டும் ஒருவருடையவை அல்ல என வாதிடும் கம்பியோரத்தாரின் மறுப்புரை, காற்றில் பாதி போனது.)

ஆறாமவர் அமர்வது ஓட்டுநரின் சீட்டில். அப்போது ஓட்டுநர் பாதி உடம்பை வெளியே விட்டு, ஒற்றைத் தொடையில் வண்டி ஓட்டுகிறார். ஆய்வுலகில் கட்டுரையை எழுதியவர் ஓரத்தில் தொங்க, நெறியாளர் நடுவில் சாய்ந்து உட்காருவார். இங்கே ஓட்டுபவரே ஒதுங்கி இடம் தருகிறார். இரண்டு துறைகளும் ஒரே கருத்தரங்கில் சந்திக்காததற்கு இதுவே காரணமாகலாம்.

வண்டி எப்போது கிளம்பும் என்பதில் இரு கட்சி. ஆள் நிறைந்ததும் என்பது பழைய கட்சி. பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்ததும் என்பது புதிய கட்சி. சான்றுகள் பின்னதற்கே அதிகம்.

சில்லறை பற்றிய இயல் இங்கு விடுபட்டுள்ளது. இறங்கும்போது கேட்டு வாங்கிக்கொள்ளவும்.