குப்பைத் தொட்டி நாற்றவியல்: மேலப்பாளையத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

அடுக்குமாடி வாழ்க்கையில் தண்ணீர், லிஃப்ட், வண்டி நிறுத்துமிடம் ஆகிய மூன்றுக்கும் அடுத்தபடியாக மனத்தாங்கலை வளர்ப்பது வாசலோரத்துப் பொதுக் குப்பைத் தொட்டி என்பது அனைவரும் அறிந்ததே. ஆயினும், எதிலும் மூக்கை நுழைக்கும் ஆய்வுலகம் இந்த ஒன்றில் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துவிட்டமையால், அக்குறை தீர நாற்றவியல் என்னும் துறை இங்கே தொடங்கிவைக்கப்படுகிறது.

ஆய்வுக்களம் மேலப்பாளையம். தனி நகராட்சியாக இருந்து, 1994இல் திருநெல்வேலி, பாளையங்கோட்டை ஆகியவற்றோடும் தச்சநல்லூரோடும் சேர்ந்து மாநகராட்சிக்குள் வந்த இவ்வூரில், செவ்வாய்க்கிழமைக் கால்நடைச் சந்தையும், வீட்டுத் திண்ணைகளில் நடக்கும் பீடித் தொழிலும், பிரியாணிக்கும் சால்னாவுக்கும் பஞ்சமில்லாத அடுக்களைகளும், ஒன்றையொன்று உரசி நிற்கும் குறுந்தெருக்களும், அவற்றின் நடுவே புதிதாக எழும்பிய அடுக்கு வீடுகளும் ஒருசேர வாய்த்திருப்பதால், இத்துறைக்கு இதைவிடத் தக்க களம் கிடைப்பது அரிது.

முதலில் எறிதொலைவு என்னும் கலைச்சொல்லை விளக்கியாக வேண்டும். பையைச் சுழற்றி வீசினால் தொட்டிக்குள் விழும் என்று வீசுபவர் நம்புகின்ற தூரமே எறிதொலைவு. அது உண்மையில் பை சென்று விழும் தூரத்தைவிட எப்போதும் இரண்டு முழம் கூடுதல். அந்த இரண்டு முழத்தில் அமைவது தொட்டியடி மண்டலம். மூக்கறிவை மூன்றாம் அறிவாக வைத்துக் கறையானையும் எறும்பையும் அதற்குச் சான்று காட்டும் தொல்காப்பிய மரபியலின் வரிசை, இம்மண்டலத்தில் பிசகாமல் நடைபெறுவதைக் காணலாம்: மூவறிவுடைய எறும்பு முதலில் வர, நான்கறிவு வகுப்பில் சேர்க்கத்தக்க ஈ அடுத்து வர, ஐயறிவுடைய ஆடு முன்னங்கால்களைத் தொட்டி விளிம்பில் ஊன்றி வாழையிலையை உருவ, நாய் பையின் அடிவயிற்றைக் கிழித்துக் கறி எலும்பை மட்டும் பொறுக்கிச் செல்ல, ஆறறிவுடைய குடியிருப்புச் சங்கச் செயலாளர் கடைசியாக வந்து சேருகிறார். அதற்குள் ஈ முந்திவிடும். ஒரு தடவைக்கு நூறு முட்டை அளவில் இடும் அது, நம் வெயிலில் ஒரு வாரம் பத்து நாளுக்குள் அடுத்த தலைமுறையைப் பறக்கவிடும்.

இனி நாற்றத்தின் பிறப்பு. தொட்டிக்கென்று சொந்த நாற்றம் கிடையாது. அதில் விழும் ஈரத்துக்கே உண்டு. மீனிலும் கறியிலும் உள்ள புரதத்தை நுண்ணுயிர்கள் உடைக்கும்போது அம்மோனியாவும் அமீன்களும் உண்டாகின்றன. இவற்றுள் இரண்டுக்குப் பிணத்தையும் அழுகலையும் நினைவூட்டும் பெயரிட்டு 1885இல் விவரித்தவர் பெர்லின் மருத்துவர் லுட்விக் பிரீகர். மீனுக்கே உரிய கவிச்சி வாடைக்கு டிரைமெத்தில் அமீன் காரணம். முட்டையும் வெங்காயமும் அழுகினால் கந்தகச் சேர்மங்கள் கிளம்புகின்றன. அவற்றுள் ஒன்றான ஹைட்ரஜன் சல்பைடு நூறு கோடிப் பங்கு காற்றில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுகொள்ளும். இங்கு கவனிக்கத்தக்கது கேரி பேக்கின் முடிச்சு. ஞாயிற்றுக்கிழமை மதியம் மீன் செதிலையும், கழுவிய தண்ணீரையும், மிஞ்சிய சால்னாவையும், தேயிலைச் சக்கையையும் ஒரே பையில் ஊற்றி, நாறிவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் இரட்டை முடிச்சுப் போடுபவர், காற்று புகாத இடத்தில் பெருகும் நுண்ணுயிர்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கிறார். கந்தக வாயுவை மிகுதியாக ஈனுபவை அவையே. திங்கட்கிழமை நாய் அந்த முடிச்சை அவிழ்க்கிறது. அப்போது எழும் வாடைக்கு நாயே பொறுப்பென்று தீர்மானமாகிறது.

தீர்வு குறித்து அறிஞரிடையே மூன்று மரபுகள் உள. நகர்த்தல் மரபினர், "அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் அங்கன தள்ளி வைக்கச் சொல்லுங்க" என்ற சூத்திரத்தை அடிப்படையாகக் கொண்டவர்கள். ஆனி ஆடியில் ஆரியங்காவு கணவாய் வழியாக இறங்கிவரும் மேல்காற்று தொட்டிக்குக் கிழக்கே இருப்பவர்களையும், ஐப்பசிக்குமேல் திரும்பும் வாடைக்காற்று மறுபக்கத்தாரையும் முறைவைத்துக் கவனித்துக்கொள்வதால், தொட்டி தெருவுக்குள்ளேயே ஆண்டுதோறும் இடம்பெயர்கிறதே அன்றி, நாற்றம் குறைந்ததாகச் சான்றில்லை. பினாயில் மரபினர் நாற்றத்தின்மேல் வேறொரு நாற்றத்தைத் தெளித்து இரண்டையும் பெறுகிறார்கள். மூடி மரபே தொன்மையானது. 1883இல் பாரிஸ் நகர நிர்வாகி யூஜின் பூபெல், வீட்டுக்கு வீடு மூடியுள்ள தொட்டி வைக்க வேண்டுமென்றும், அழுகுவது ஒன்றிலும் தாள், துணி ஒன்றிலும் கண்ணாடி, பீங்கான், சிப்பி ஓடு ஒன்றிலுமாகப் பிரித்துப் போட வேண்டுமென்றும் ஆணையிட்டார். இந்தியாவின் 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகவே பிரிக்கச் சொல்லியிருந்தன. ஐயாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு வளாகங்கள் மக்கும் குப்பையைக் கூடியமட்டும் தம் வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும் என்பதும் அவ்விதிகளில் இருந்தது. நான்கு சென்ட் மனையில் நான்கு மாடி எழுப்பும் மேலப்பாளையத்து அடுக்ககங்கள் அந்த அளவை எட்டிப்பார்த்ததுகூட இல்லை. ஆகவே அவற்றின் மீன் தலை லாரியேறித் தாமிரபரணியைக் கடந்து ராமையன்பட்டிக் கிடங்கு வரைக்கும் பயணம் போக வேண்டியிருக்கிறது.

இம்மூன்று மரபினரும் காணத் தவறியது அதே தொட்டியில், அடுத்த பையில் கிடக்கிறது. பீடி சுற்றும் வீடுகளில், நனைத்துப் பதப்படுத்திய இலையைத் தகடு வைத்துக் கத்தரித்தபின் மிஞ்சும் ஓரங்களும் நரம்புகளும் வெயிலில் காய்ந்தால் நல்ல சருகாகும். உரக்குழியில் நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கரி இருபத்தைந்து முதல் முப்பது பங்குவரை இருந்தால் அழுகல் நாறாது என்பது உரம் போடுவோர் அறிந்த கணக்கு. அடுக்களைக் கழிவில் நைட்ரஜன் மிகுதி, சருகில் கரி மிகுதி. மொட்டைமாடியில் துளையிட்ட பழைய பெயிண்ட் வாளியில், ஒரு கை காய்கறித் தோலுக்கு இரண்டு கை இலைச் சருகு என்று அடுக்கி, வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் போதும். புகையிலைத் தூள் மட்டும் கலக்கலாகாது. நோயும் மருந்தும் ஒரே தெருவில் விளைந்து ஒரே தொட்டியில் சேர்ந்தும் ஒன்றையொன்று சந்திக்காமல் போவதற்குக் காரணம் அவை தனித்தனிப் பைகளில் முடிச்சிடப்பட்டிருப்பதே என்பது இவ்வாய்வின் முடிபு.

மீன், கறிக் கழிவு வாளிக்கு ஆகாது. அதைத் தண்ணீர் வடித்து, பழைய செய்தித்தாளில் சுற்றி, தூய்மைப் பணியாளர் வண்டியோடு வரும் காலையில் கையிலேயே கொடுக்குமாறு அடுக்ககவாசிகள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். வண்டி வரும்வரை அது ஃபிரீசரில் இருக்கலாம். பொட்டலத்தின் மேல் பெயர் எழுதி வைப்பது நல்லது.